மாடத்தில் கிடக்கும் கரணை

எங்கள் வீட்டு வடக்குச் சுவரின் உள்பக்கம் ஒரு மாடம் இருக்கிறது. விளக்கு வைக்க வேண்டிய அந்த இடத்தில் ஒரு கரணை கிடக்கிறது. கொத்தனார்கள் சாந்து அள்ளிப் பூசுவார்களே, அந்தக் கரணைதான். மரப்பிடி தேய்ந்து, கட்டைவிரல் உட்காரும் இடம் மட்டும் குழிந்திருக்கும். விளக்கை நாங்கள் தரையில் வைக்கிறோம். யாராவது இடறி எண்ணெயைக் கொட்டிவிட்டால் அம்மா இடறியவரைத் திட்டுவாள், விளக்கைத் திட்டுவாள். கரணையை மட்டும் நகர்த்த மாட்டாள்.

அந்தக் கரணைக்கு உரியவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டோம். பழவேற்காட்டில் வேறு மேஸ்திரிகளும் இருந்தார்கள். அவர்களைப் பெயர் சேர்த்துச் சொல்வார்கள். இவரை மட்டும் "அந்த மேஸ்திரி" என்பார்கள். சொல்கிறவர் பல்லைக் கடிப்பதைப் பார்த்தே யாரென்று தெரிந்துவிடும்.

ஒல்லியான நெட்டை மனிதர். சுண்ணாம்பில் வெந்து வெளுத்த விரல்கள். புருவத்தில் எந்நேரமும் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். நடை வேகமாக இருக்கும். தெருமுனையில் அவர் தலை தெரிந்தால் நம் வீட்டுக்குத்தான் வருகிறார் என்று தோன்றும். சட்டியில் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்திருப்பார்.

யார் கூப்பிட்டாலும் முடியாது என்று சொல்ல அவருக்கு வராது. ஒரு வீட்டில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் தலையை நீட்டி, "எங்க வூட்டு அடுப்பங்கரை செவுரு வாயப் பொளந்துகினு கீது மேஸ்திரி" என்பாள். மண்வெட்டியைப் பள்ளத்திலேயே போட்டுவிட்டு வேலியைத் தாண்டிவிடுவார். அங்கே அவர் பாதிச் சுவரைப் பூசுவதற்குள் மூன்றாவது வீட்டுக்காரி வந்து மூக்கைச் சிந்துவாள். எங்கள் குப்பத்துப் பெண்கள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியாக அழுதவளுக்குத்தான் மேஸ்திரி.

விட்டுப்போன வீட்டுக்காரர்கள் வழிமறித்துக் கேட்டால் அவரிடம் ஒரு பதில் இருந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொல்வார்.

"முடிஞ்சிச்சினு நெனச்சிக்கோ."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வேலை நிஜமாகவே முடிந்துவிட்ட ஒரு நிம்மதி அதில் இருக்கும். கேட்டவரும் பாதி வழி அதே நிம்மதியோடு நடந்து போவார். வீட்டுக்குப் போய் மொட்டைச் சுவரைப் பார்த்த பிறகுதான் ஆத்திரம் வரும்.

கோட்டையில் இருந்த டச்சுத் துரை ஒருவர், உலாந்தாக்காரர் என்போம் நாங்கள், தம் வீட்டுக் கொல்லையில் ரொட்டி சுடும் அடுப்பு கட்டச் சொல்லியிருந்தார். அடுப்புக்கு வாய் வைத்தாயிற்று, முதுகு வைக்கவில்லை. ஒருநாள் துரை, பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியையும் அழைத்துக்கொண்டு நேரே கடைத்தெருவுக்கு வந்துவிட்டார். முகம் சிவந்து, இடுப்பில் வாள் தொங்க, நெடுநேரம் கத்தினார். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டு நெஞ்சில் கையை வைத்து, "முடிஞ்சிச்சினு நெனச்சிக்கோங்க துரை" என்றார். துபாஷி அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. துரை மேஸ்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். மறுநாள் துபாஷி கடைத்தெருப் பக்கமே வரவில்லை.

சரி, இப்படிப்பட்ட ஆளை விட்டுவிட்டு வேறு ஆளைக் கூப்பிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். கொத்து வேலைக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவருடைய கருவி கிடக்கிற வீட்டில் இன்னொருவர் கை வைக்க மாட்டார். கருவிக்கு உரியவர் உயிரோடு இருக்கிறவரை அந்த வேலை அவருடையது. அவர் இறந்துவிட்டார் என்று வீட்டுக்காரர் வாயால் சொன்னால்தான், புதிதாக வருகிறவர் அந்தக் கருவியை எடுத்து வெளியே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்.

இவரோ போன இடமெல்லாம் ஒரு கருவியை விட்டுவிட்டு வருவார். துரை வீட்டு அடுப்பில் உளி கிடந்தது. கருவாட்டுக்காரர் கொட்டகையில் மண்வெட்டி. மரக்காயர் வீட்டுக் கிணற்றடியில் மட்டப்பலகை. அந்த வீட்டு உம்மா மட்டப்பலகையின் மேல் வத்தல் காய வைத்துவிட்டு, "வந்து கேக்கட்டும், வத்தலோட குடுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் தந்திரம் என்று ஊரே சொன்னது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பி வருவோம் என்று அவர் மனதார நம்பினார். நாளைக்கு வரப்போகிற வீட்டிலிருந்து யாராவது கருவியைத் தூக்கிக்கொண்டு போவார்களா?

எங்கள் வீட்டில் கிடந்தது கரணை.

நாங்கள் படகுக்காரர்கள். கும்பினிக் கப்பல் நங்கூரம் போட்டால் நைனா சரக்கு ஏற்றி இறக்கப் போவார். கப்பல் இல்லாத நாளில் ஏரியில் வலை. கோட்டைக்காரர்கள் வைத்த பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளையும் உட்கார வைத்தார்கள் என்று கேள்விப்பட்டு என்னை அனுப்பியவரும் அவர்தான். எங்கள் குப்பத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. மணலில் விரல் வைத்து எழுதி எழுதித்தான் படித்தேன். மேஸ்திரி என்னை "எழுத்துக்காரி" என்று கூப்பிடுவார். மற்றவர்கள் கேலியாகச் சொல்லும் பேர் அவர் வாயில் பட்டம் மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு நல்ல சுவர் வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் அக்கா. அக்காவை ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்துவர இருந்த சமயத்தில் மழை பிடித்து எங்கள் மண்சுவர் கரைந்து விழுந்தது. வடக்குப் பக்கம் வாடைக்காற்று வந்து அறைகிற சுவர். இடிந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று அக்காவின் மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அங்கேயே வலி எடுத்தது. ஏரி கொந்தளித்ததில் எந்தப் படகும் இறங்கவில்லை. அம்மா கரையில் நின்றபடியே இருந்தாள். குழந்தை தங்கவில்லை. பிறகு பார்க்கப் போனபோது அக்கா ஒன்றுதான் சொன்னாள்.

"நீ பக்கத்துல இருந்திருக்கலாம்மா."

அதன்பின் அக்கா மறுபடி உண்டானாள். அந்த வடக்குச் சுவரை மட்டுமாவது செங்கல்லில் எழுப்பிச் சுண்ணாம்பு பூசிவிட வேண்டும் என்று அம்மா நின்றாள். இடிந்த பழைய கிடங்கிலிருந்து செங்கல் எடுத்துக்கொள்ள கோட்டையில் அனுமதி வாங்கி நைனா படகில் கொண்டுவந்து இறக்கினார். ஏரியில் கிளிஞ்சல் அள்ளிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு ஊற வைத்தோம். அம்மாவே போய் மேஸ்திரியைக் கூப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்லாதவர் யாருமில்லை.

அவர் வந்தார். சுவரை எழுப்பினார். வந்த நாட்களில் அவரைப் போல வேலை செய்கிறவரைப் பார்க்க முடியாது. வைத்த கல்லைத் தட்டி, "நில்லு கண்ணு, நில்லு" என்று மாட்டிடம் பேசுவதைப் போலப் பேசுவார். சேற்றுச் சாந்தில் கல் அடுக்கி முடித்தார். மேலே பனையோலையும் வேய்ந்தாயிற்று. வெளியே சுண்ணாம்பு பூசினால்தான் மழைக்கு நிற்கும், இல்லையென்றால் இடுக்குச் சேறு கரைந்து கல்லெல்லாம் உதிர்ந்துவிடும் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுக் கரணையை மாடத்தில் வைத்தார். போனவர் வரவில்லை.

அம்மா முதலில் கத்திப் பார்த்தாள். அப்புறம் கானாங்கெளுத்திக் குழம்பு வைத்து அனுப்பினாள். சட்டி கழுவித் திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. அழுதும் பார்த்தாள். ஆனால் அம்மாவுக்கு அழுகை சுலபத்தில் வராது. கடைத்தெருவில் நின்று முந்தானையைக் கண்ணில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, வடக்குத் தெருக்காரி ஒருத்தி ஓடிவந்து ஒப்பாரியே வைத்து மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒருநாள் அவர் கஞ்சி குடிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். அது அவருக்கு எந்த வீட்டிலும் தடையில்லாமல் நடந்த காரியம். இடுப்பில் எப்போதும் தொங்கும் பித்தளைத் தூக்குக்குண்டை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனார். சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பது அந்தக் குண்டால்தான். அம்மா அதை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள்.

"குண்டு எங்க தங்கச்சி?"

"என் செவுத்தப் பூசு. தானா வரும்."

மேஸ்திரி வெறும் ஆணியைப் பார்த்தார். கோபிக்கவே இல்லை. "உன்னாண்டயே இருக்கட்டும். பத்திரமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் போனார்.

இதன் பலனைக் கருவாட்டுக்காரர் அனுபவித்தார். அவருடைய கொட்டகைச் சுவரை மேஸ்திரி குண்டு இல்லாமல் எழுப்பினார். நேர் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று பக்கத்தில் நின்ற பனைமரத்தைப் பார்த்துக்கொண்டார். கடற்காற்றில் வளர்ந்த பனை எங்கே நேராக நிற்கும்? சுவரும் மரமும் ஒன்றுபோல ஏரியைப் பார்த்துச் சாய்ந்தன. அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

கருவாட்டுக்காரர் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? உன் ஒரு செவுத்துக்காவ ஊர்ச் செவுரெல்லாம் கோணிக்கணுமா? குண்டக் குடு."

"என் செவுரு முடியட்டும் அண்ணே. அப்பால உன் செவுரு, பனமரம், ரெண்டயும் சேத்து நிமித்திக்கோ."

"மரத்த ஏன் நிமித்தறேன்? மரம் ஒயுங்காத்தான கீது?"

"அப்ப செவுரும் ஒயுங்குதான். போ."

ஐப்பசி நெருங்கியது. அக்காவை அழைக்க நைனாவும் அம்மாவும் நானும் படகில் பசியாவரம் போனோம். அக்காவின் மாமியார் பொல்லாதவர் இல்லை. பயந்தவர். ஒரு பேரப்பிள்ளையைப் புதைத்த பயம் அது. நாங்கள் கொண்டுபோன தின்பண்டம் எதையும் தொடாமல் அம்மாவைப் பார்த்து ஒன்றே கேட்டார்.

"செவுரு பூசியாச்சா?"

அம்மா நெஞ்சில் கையை வைத்தாள்.

"பூசியாச்சினு நெனச்சிக்கோங்க."

படகில் திரும்பும்போது அக்கா அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். நைனா துடுப்பைப் போட்டபடி கடல் பக்கத்து மேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சொன்ன நாளுக்கு முன்பே வலி எடுத்துவிட்டது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கிழக்கே வானம் சட்டிக் கரி மாதிரி இருந்தது. நைனா மருத்துவச்சியைக் கூப்பிட ஓடினார். நான் மேஸ்திரியைத் தேடி ஓடினேன். கருவாட்டுக் கொட்டகையில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். நான் அழவில்லை. அழுது காரியம் சாதிப்பது படித்தவளுக்கு அழகில்லை என்பது என் எண்ணம். நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"அக்காவுக்கு வலி எடுத்துடுச்சி. மழ வருது. செவுரு அப்பிடியே கீது."

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். ஏணியிலிருந்து இறங்கினார். நான் மூச்சிரைக்க ஓட வேண்டியிருந்தது, அவ்வளவு வேகம். தெருத் திருப்பத்தில் யாராவது கூப்பிட்டு அவர் அந்தப் பக்கம் போய்விடுவாரோ என்று பயந்தேன். அவர் திரும்பவில்லை.

வாசலில் மருத்துவச்சி கையை விரித்து மறித்தாள். "ஆம்பள உள்ள வரக்கூடாது."

"கரணை உள்ள கீது."

மருத்துவச்சி உள்ளே போய், செத்த எலியை எடுத்துவருவதைப் போலக் கரணையை இரண்டு விரலால் தூக்கிவந்து நீட்டினாள். "எடுத்துகினு போ. இது முன்னால பெத்தா, புள்ளயும் நாளைக்கி வர்றேன்னு சொல்லும்."

அரிசிப் பானையிலிருந்து குண்டும் வெளியே வந்தது. மேஸ்திரி ஊறிக் கிடந்த சுண்ணாம்பைக் குழைத்து, வெல்லத் தண்ணீர் விட்டு, வடக்குச் சுவரின் வெளிப்பக்கம் பூசத் தொடங்கினார். உள்ளே அக்கா. நடுவில் ஒரு செங்கல் அகலம்தான்.

சரக், சரக் என்று கரணை சுவரில் இழுபடும் சத்தம் உள்ளே நன்றாகக் கேட்டது. "அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லு, தல வலிக்குது" என்றாள் மருத்துவச்சி.

"வேணாம்" என்றாள் அக்கா. அதுவரை அவள் பேசவே இல்லை. "நிறுத்த வேணாம்னு சொல்லு."

சத்தம் நிற்கும்போதெல்லாம் அக்கா என் பக்கம் திரும்பி, "போயிட்டாரா?" என்று கேட்டாள். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "இல்லக்கா, சாந்து எடுக்கறாரு" என்பேன். மறுபடி சரக் என்று கேட்டதும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். இப்படியே எவ்வளவு நேரம் போனதோ.

தூறல் விழ ஆரம்பித்தது. ஈரச் சுண்ணாம்பில் மழை பட்டால் எல்லாம் வழிந்துவிடும். நைனா ஓடிப்போய்ப் படகுப் பாயைக் கழற்றிவந்து கூரையில் ஒரு பக்கத்தைக் கட்டி, மறு பக்கத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றில் பாய் அவரையே இழுத்தது. அந்த நேரம் பார்த்துக் கருவாட்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

"மேஸ்திரி, என் கொட்டாய் தொறந்து கெடக்குது. மொத்தக் கருவாடும் நனையுது. ஓடியா."

அவர் பின்னாலேயே மரக்காயர் வீட்டு வேலையாள் வந்தான். கிணற்றுச் சுவர் சரிகிறது, உம்மா கூப்பிடுகிறார் என்றான். இரண்டு பேர். அதிலும் கருவாட்டுக்காரர் கிட்டத்தட்ட அழுதேவிட்டார். நான் வாசலில் நின்றபடி மேஸ்திரியின் முதுகையே பார்த்தேன். கரணை நின்றது. உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"போயிட்டாரா?"

மேஸ்திரி திரும்பினார். வாயைத் திறந்தார். புதுச் சொல் ஒன்றை மென்று பார்ப்பவரைப் போல வாய் கோணியது.

"முடியாது."

"இன்னாது?" என்றார் கருவாட்டுக்காரர்.

"முடியாதுன்னேன். இந்தச் செவுரு முடியட்டும்."

மறுபடி சரக் என்று கேட்டது. கருவாட்டுக்காரர் இன்னும் ஓரடி கிட்டே வந்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். நைனா பாயோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர், "பாய இப்பிடியா பிடிப்பாங்க, உனுக்கு ஒரு எழவும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மரக்காயர் வீட்டு ஆளும் ஒரு முனைக்குப் போனான்.

மழை வலுத்தது. பாய்க்கு அடியிலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். "உள்ள முடிஞ்சிச்சா?"

மருத்துவச்சி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "முடிஞ்சிச்சினு நெனச்சிக்கோ. நீ செவுத்தப் பாரு."

பாயைப் பிடித்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பாயே ஆடியது. அக்காவும் சிரித்துவிட்டாள். "சிரிக்காத, முக்கு" என்று மருத்துவச்சி தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுதது. பெண். கரணைச் சத்தம் நின்றது. இந்த முறை அக்கா எதுவும் கேட்கவில்லை. அம்மா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, அன்றைக்குத்தான், யாரையும் கூப்பிடுவதற்காக இல்லாமல், எந்தக் காரியமும் இல்லாமல் அழுதாள்.

பாயை இறக்காமல் கட்டிவைத்தோம். மழை விட்டபோது சுவர் முட்டை ஓடு மாதிரி இருந்தது. அடியில் ஈரம் காயாத ஓரத்தைக் காட்டி மேஸ்திரி, "எழுத்துக்காரி, இங்க ஒரு எழுத்து போடு" என்றார். மணலைத் தவிர வேறெதிலும் நான் அதுவரை எழுதியதில்லை. ஈர்க்குச்சியை எடுத்து என் பெயரை எழுதினேன். குழந்தை பெயரை எழுதக் கூடாதா என்று நைனா கேட்டார். அதற்குத்தான் இன்னும் பெயரே வைக்கவில்லையே. இன்றும் அந்த எழுத்து இருக்கிறது.

உள்பக்கம் மட்டும் பாக்கி. தீட்டு கழியாமல் அவர் உள்ளே வர முடியாது. கரணையைக் கழுவி வாசலில் வைத்தார். அம்மா அதை எடுத்து மாடத்தில் வைத்தாள்.

"உள்பக்கம் தங்கச்சி, அது முடிஞ்சிச்சினு நெனச்சிக்கோ."

அப்புறம் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. தீட்டு கழிந்தது, குழந்தை தவழ்ந்தது, மேஸ்திரி அடிக்கடி வந்தார். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார், கஞ்சி குடித்தார், உள்சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்லா நிக்குது" என்று அதையே பாராட்டினார். கருவாட்டுக்காரரின் சுவர் இன்றுவரை பனைமரத்தோடு சாய்ந்தே நிற்கிறது. "முடியாது" என்ற சொல்லை மேஸ்திரி அதன்பின் யாரிடமும் சொன்னதாகக் கேள்விப்படவில்லை. யாரோ சென்னப்பட்டணத்தில் வேலை இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். உடனே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே காய்ச்சலில் போய்விட்டார் என்று ஒரு படகுக்காரர் செய்தி கொண்டுவந்தார். பார்த்தவர் யாருமில்லை.

இப்போது அந்த அறையில் நான் குப்பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். பூசாத சுவரிலிருந்து காய்ந்த சேறு உதிர்ந்து, பிள்ளைகள் எழுதும் மணலில் விழுந்தபடி இருக்கிறது. வெள்ளையாக ஒரு சுவர் இருந்தால் கரியால் பெரிதாக எழுதிக் காட்டலாம். போன வாரம் திருப்பாலைவனத்திலிருந்து ஒரு கொத்தனாரை வரவழைத்தேன். சுவரைத் தடவிப் பார்த்தார், சீக்கிரம் முடித்துவிடலாம் என்றார். அப்புறம் மாடத்தைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"கரணைக்காரரு இருக்காராம்மா?"

நான் பதிலை முன்பே தயாராக வைத்திருந்தேன். ஒரே ஒரு சொல்தான். சொன்னால் சுவர் முடிந்துவிடும். வாயைத் திறந்தேன்.

பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"இருக்காருன்னு நெனச்சிக்கோ."

கொத்தனார் தலையை ஆட்டினார். தம் பையை எடுத்து, அதில் எல்லாக் கருவியும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, தரையில் இருந்த விளக்கை ஜாக்கிரதையாகத் தாண்டி வெளியே போனார்.